160 டிகிரியா, 155-ஆ? லீப் பார்க்கப் பழகியதில் தொலைந்த ஏழு மாதம்

பெண்கள் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் நடுவர் தேர்வுக்குப் படிப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது மதிப்பெண் விதிகள் அடங்கிய கோட் ஆஃப் பாயிண்ட்ஸ் புத்தகத்தைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எந்தத் தவறுக்கு எவ்வளவு வெட்டு என்ற அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். எழுத்துத் தேர்வில் கரையேறிவிட்டேன். வீடியோ பார்த்து மதிப்பெண் போடும் செய்முறைத் தேர்வில் மண்ணைக் கவ்வினேன். கட்டணம், ரயில், மூன்று நாள் விடுதி எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். பணத்தைவிட அதிகமாக வலித்தது ஏழு மாத உழைப்பு. டம்பிளிங்கில் (கரணங்களில்) என் எண்கள் ஓரளவு சரியாகவே இருந்தன. கவிழ்த்துவிட்டது பீமிலும் (உயரமான மெல்லிய கட்டை) ஃப்ளோரிலும் (தரைப் பயிற்சி) வரும் லீப்பும் ஜம்ப்பும். அட்டவணை தெரியாமல் தோற்கவில்லை. எங்கே, எப்போது பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் கதை இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். ஒரு காலில் எம்பி மறுகாலில் இறங்குவது லீப். இரண்டு காலையும் சேர்த்து எம்புவது ஜம்ப். ஒரு காலில் எம்பி அதே காலில் இறங்குவது ஹாப். பார்வையாளருக்கு எல்லாமே ஒன்றுதான், நடுவருக்கு அப்படியில்லை. ஃப்ளோரில் நடன வரிசை என்று ஒரு கட்டாயத் தேவை இருக்கிறது, மதிப்பு 0.5. வெவ்வேறான இரண்டு லீப் அல்லது ஹாப், அவற்றில் ஒன்றிலாவது 180 டிகிரி ஸ்பிளிட்டோ (இரு காலும் எதிரெதிராக ஒரே கோட்டில் விரிவது) ஸ்டிராடில் நிலையோ (கால்கள் பக்கவாட்டில் விரிவது) வர வேண்டும். நின்ற இடத்திலேயே எம்பும் ஜம்ப் அங்கே கணக்கில் வராது. எம்பும்போது தரையில் ஒரு கால் இருந்ததா இரண்டா என்று பார்க்கத் தவறினால் ஆரம்பமே கோணல்.

அடுத்தது, யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது. டி நடுவர்கள் அசைவுக்குப் பெயரும் மதிப்பும் கொடுப்பவர்கள். இ நடுவர்கள் 10-இல் ஆரம்பித்து செய்நேர்த்திக் குறைகளை வெட்டிக்கொண்டே போவார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கிவிட்டு மீதியின் சராசரி எடுக்கப்படும். ஒரே லீப்பை இரு தரப்பும் பார்த்தாலும் கேள்வி வேறு. “இது அந்த லீப்தானா?” என்பது டி. “எவ்வளவு சுத்தமாகச் செய்தாள்?” என்பது இ. புதியவர்கள் இரண்டையும் ஒரே தலையில் சுமந்துகொண்டு, பெயர் யோசிக்கிற அவசரத்தில் பாதத்தைக் கோட்டைவிடுவார்கள். இ நாற்காலியில் உட்கார்ந்தால் பெயரை மறந்துவிடுங்கள்.

ஸ்பிளிட்டின் கணக்கு எளிதுதான். 180 வேண்டிய இடத்தில் 20 டிகிரி வரை குறைந்தால் 0.1 வெட்டு. இருபதைத் தாண்டி 45 வரை குறைந்தால் 0.3. 45-க்கு மேல் குறைந்தால் விஷயம் டி நடுவரின் மேசைக்கும் போகிறது. அந்த லீப் வேறொரு அசைவாக அங்கீகரிக்கப்படும், அல்லது மதிப்பே கிடைக்காது. ஆக 160-க்கும் 155-க்கும் நடுவில் 0.2 தொங்குகிறது. அந்த 5 டிகிரியை அரை நொடியில் பிடிக்க வேண்டும் என்பதுதான் தலைவலி.

அரை நொடி என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. உடல் 40 செ.மீ. உயர்ந்து இறங்க 0.57 நொடி ஆகும்; 30 செ.மீ. என்றால் 0.49. ஆனால் இயற்பியல் இதில் நமக்கு ஒரு சலுகை தருகிறது. மேலே எறிந்த எந்தப் பொருளும் தன் பறக்கும் நேரத்தில் சரிபாதியை உச்சியை ஒட்டிய நான்கில் ஒரு பங்கு உயரத்துக்குள்ளேயே கழிக்கும். 40 செ.மீ. லீப்பில் மேல் 10 செ.மீ.க்குள் மட்டும் 0.29 நொடி. உடல் அங்கே ஏறக்குறைய நின்றுவிட்டது போல் இருக்கும். ஸ்பிளிட்டை அங்கேதான் படிக்க வேண்டும். எம்பும்போதே கண் காலைத் துரத்த ஆரம்பித்தால் உச்சியில் கண் பின்தங்கிவிடும். இறங்கும்போது கால் மூடத் தொடங்கிய நிலையைத்தான் பிடிப்பீர்கள். உச்சி எங்கே வரும் என்று ஊகித்து, அந்த இடத்தில் பார்வையை முன்கூட்டியே நிறுத்திக் காத்திருங்கள். ஸ்பிளிட் உச்சியில் திறக்காமல் இறங்கும்போதுதான் முழுதாகத் திறக்கிறது என்றால் அதுவும் குறைதான். உயரம் போதவில்லை என்ற கழிவு தனி.

நான் அதிகமாக அடிபட்ட இடம் உட்காரும் கோணம். பீம் 5 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், தரையிலிருந்து 125 செ.மீ. உயரம். பெண் பீமின் நீளவாக்கில் ஓடி முன்னும் பின்னும் காலைப் பிரித்தால், பீமின் பக்கவாட்டில் இருப்பவருக்கு அது முழுதாகத் தெரியும். பீமின் முனைக்கு நேராக இருப்பவருக்கு ஒரு காலுக்குப் பின்னால் மறுகால் ஒளிந்துவிடும். பக்கவாட்டில் கால் விரியும் ஸ்டிராடில் ஜம்ப்புக்கு இது அப்படியே தலைகீழ். முனையில் இருப்பவர்தான் பாக்கியவான்.

சாய்வாக உட்கார்ந்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம். உண்மையில் 160 டிகிரி ஸ்பிளிட், இரண்டு காலும் கிடைமட்டத்துக்குக் கீழே பத்துப் பத்து டிகிரி என்று வையுங்கள். பக்கவாட்டிலிருந்து 45 டிகிரி விலகி உட்கார்ந்தால் அது கண்ணுக்கு 152 போலத் தெரியும். 30 டிகிரி விலகினாலே 157. அதாவது 0.1 வெட்ட வேண்டியதற்குக் கை தானாக 0.3 எழுதும். 135 டிகிரி ஸ்பிளிட் அதே 45 டிகிரிச் சாய்வில் 119 ஆகச் சுருங்கும். காலின் நீளம் பார்வைக்குக் குறுகுகிறது, தொய்வு குறுகுவதில்லை. அதனால் தொய்வு பெரிதாகத் தெரிகிறது. மாடத்தின் உயரத்திலிருந்து நேர் பக்கவாட்டில் பார்த்தால் எதிர்மாறாக நடக்கும், தொய்வு கொஞ்சம் மறைந்துவிடும். கேலரியிலிருந்து பெற்றோர் எடுத்த வீடியோவில் லீப் அழகாக இருக்கிறதே, நடுவர் ஏன் வெட்டினார் என்ற சண்டைகளில் பாதிக்குக் காரணம் இந்த உயரம்தான்.

இதில் மாறாத ஒன்று உண்டு, அதைப் பிடித்துக்கொண்டால் பிழைத்தீர்கள். நேர்கோடு எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நேர்கோடுதான். உண்மையான 180 சாய்வு நாற்காலியிலிருந்தும் 180 ஆகவே தெரியும். ஆகவே “எத்தனை டிகிரி?” என்று ஆரம்பிக்காதீர்கள். “இரண்டு தொடையும் ஒரே கோடா?” என்று முதலில் கேளுங்கள். கோடு என்றால் பூஜ்யம், நகருங்கள். கோடு உடைந்திருந்தால் மட்டும் எவ்வளவு என்று பாருங்கள். சாய்வில் இருக்கிறீர்கள் என்றால் கண் சொல்வதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். முன்கால் மூக்கு வரை உயர்ந்து பின்கால் தொங்கும் லீப்பில் கூட்டம் கைதட்டும். முன்கால் கிடைமட்டத்துக்கு மேல் 20, பின்கால் கீழே 50 என்றால் மொத்தம் 150 தான், 0.3 வெட்டு. கைதட்டல் முன்காலுக்கு.

டிகிரியைக் கண்ணுக்குப் பழக்கச் சுவர்க் கடிகாரம் போதும். அடுத்தடுத்த இரண்டு மணி எண்களுக்கு இடையே 30 டிகிரி. ஒரு முள் ஒன்பதிலும் மறு முள் மூன்றிலும் இருந்தால் 180. இரண்டு பக்கமும் அந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கினால் 160. முக்கால் பங்கு இறங்கினால் 135. இந்த இரண்டு படத்தையும் மனதில் ஒட்டிக்கொண்டால் எல்லைக்கோடுகள் இரண்டும் கையில் இருக்கும். இரண்டு ஈர்க்குச்சியை ஒரு முனையில் குண்டூசியால் கோத்து, வீட்டில் யாரையாவது அரை நொடி காட்டிவிட்டு மறைக்கச் சொல்லுங்கள். 0, 1, 3 (அதாவது வெட்டு இல்லை, 0.1, 0.3) என்று சொல்லுங்கள். பிறகு பாகைமானியை வைத்துச் சரிபாருங்கள். விளையாட்டுப் போல இருக்கும். நான் மூன்று மாதம் ஸ்லோமோஷன் பார்த்ததில் வராத பயிற்சி இதில் இரண்டே வாரத்தில் வந்தது.

ஸ்லோமோஷன் என்ற பொறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது எல்லாக் குறையும் தெரியும், நமக்குத் திறமை வந்துவிட்ட மயக்கம் வரும். அரங்கில் அந்த வசதி கிடையாது. வரிசை இப்படி இருக்கட்டும்: சாதாரண வேகத்தில் ஒரே ஒரு தடவை, எண்ணை எழுதுங்கள், அதற்குப் பிறகே உச்சியில் நிறுத்தித் திரையில் பாகைமானியை வையுங்கள். நோட்டில் மூன்று கட்டம் போதும்: நான் எழுதியது, அளந்தது, கேமரா எந்தப் பக்கம். ஐம்பது லீப் தாண்டியதும் உங்கள் தவறுக்கும் ஒரு சாய்வு இருப்பது தெரிய வரும். எனக்குச் சாய்வுக் கேமராவில் எல்லாமே 0.3, நேர்ப்பக்கக் கேமராவில் எண்கள் சரி. கோணக் கணக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

பார்க்கும் வரிசைக்கு வருகிறேன். மூன்று பார்வைதான் கிடைக்கும்: எம்புதல், உச்சி, இறங்குதல். எம்பும்போது காலைப் பாருங்கள், ஒன்றா இரண்டா, முழங்கால் நீண்டதா. உச்சியில் இடுப்பிலிருந்து வெளியே போங்கள்: தொடை, முழங்கால், பாதம். பாதத்திலிருந்து ஆரம்பித்தால் ஏமாறுவீர்கள். பின் முழங்காலை மடக்கிப் பாதத்தை மேலே தூக்கினால் ஸ்பிளிட் கூடிவிட்டது போல ஒரு தோற்றம் வரும். தொடை அதே இடத்தில்தான் இருக்கும். அங்கே ஸ்பிளிட் குறைவு ஒரு வெட்டு, மடங்கிய முழங்கால் இன்னொரு வெட்டு. முழங்காலுக்கு அளவைப் பொறுத்து 0.1, 0.3, 0.5. நீளாத பாதத்துக்கு 0.1. இறங்கும்போது பாதத்தை விட்டுவிட்டு இடுப்பையும் தோளையும் பாருங்கள், தள்ளாட்டம் அங்கேதான் முதலில் வரும். பீமில் சமநிலைக்காக உடல் ஆடினால் 0.1, 0.3, 0.5. விழாமல் இருக்கப் பீமைப் பிடித்தால் 0.5. விழுந்தால் 1.0.

எழுதும்போது தலையைக் குனியாதீர்கள். புள்ளியும் பூஜ்யமும் வேண்டாம். 1, 3, 5 மட்டும். ஒரு லீப்பின் எண்கள் ஒரு கொத்தாக, அடுத்ததற்கு முன் சின்ன இடைவெளி. காகிதத்தைப் பார்த்த ஒரு நொடியில் அடுத்த ஜம்ப் முடிந்திருக்கும்.

வகைக்கு வகை கண் போக வேண்டிய இடம் மாறும். ஸ்விட்ச் லீப்பில் எல்லோரும் கடைசி ஸ்பிளிட்டையே பார்ப்பார்கள். உண்மையான சோதனை அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும்: முதலில் வீசும் கால் குறைந்தது 45 டிகிரி உயர்ந்த பிறகே பின்னால் மாற வேண்டும். அந்த வீச்சு சோம்பலாக இருந்தால் டி நடுவர் அதைச் சாதாரண ஸ்பிளிட் லீப்பாகவே எண்ணுவார். ரிங் வகைகளில் மேல் முதுகு வளைந்து, தலை பின்னால் விடுபட்டு, பின் பாதம் தலை உயரத்துக்கு வர வேண்டும். இங்கே ஒரு கண்கட்டு இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்க்கும்போது தலையே கீழே இறங்கிப் பாதத்தை நெருங்கும்; பாதம் தோள் மட்டத்தில் நின்றாலும் தொட்டுவிட்டது போலத் தெரியும். பாதம் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள், தலைக்கும் பாதத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்காதீர்கள். காலை விரித்து இடுப்பில் மடங்கும் ஸ்டிராடில் பைக் ஜம்ப்பில் உடல் முன்னால் கவிழ்ந்தால் கால் மேலே வந்துவிட்டது போல இருக்கும். அங்கே அளவுகோல் கிடைமட்டம். நெஞ்சுக்கும் காலுக்கும் உள்ள தூரம் அல்ல.

சுழலும் லீப், ஜம்ப்களில் 30 டிகிரி என்ற எண்ணை மறக்கவே கூடாது. சுழற்சி 30 டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தால் டி நடுவர் வேறொரு அசைவாக எண்ணுவார். முழுச் சுற்று என்றால் 330-இல் நின்றுவிட்டால் முடிந்தது. எதை வைத்து முடிவு செய்வது? தோளும் இடுப்பும். பாதம் தரையைத் தொட்ட பிறகு குதிகாலில் திருகி மீதியை முடித்துவிடுவது பழைய வித்தை. பாதம் முதலில் தொடும் அந்தக் கணத்தில் இடுப்பு எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பது மட்டுமே கணக்கு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சந்தேகமிருந்தால் 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஃப்ளோர் இறுதியை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு முதலில் 13.666. ருமேனியாவின் அனா பர்போசுவும் சப்ரினா மானெகா-வோய்னியாவும் 13.700. சைல்ஸின் பயிற்சியாளர் ஒரு சுழல் லீப்பின் மதிப்பைக் கேட்டு முறையீடு செய்தார். டி மதிப்பெண் 0.1 கூடி 13.766 ஆனது, வெண்கலம் கைமாறியது. முறையீட்டுக்கான ஒரு நிமிட அவகாசம் 4 நொடி தாண்டிவிட்டது என்று விளையாட்டு நடுவர் மன்றம் அதை ரத்து செய்ய, வழக்கு சுவிட்சர்லாந்து நீதிமன்றம் வரை போனது. முறையீடு டி மதிப்பெண்ணுக்கு மட்டும்தான். இ மதிப்பெண்ணை எதிர்த்து அணிகளால் கேட்கவே முடியாது. இ நாற்காலியில் நீங்கள் தப்பாக எழுதிய 3, அந்தப் பெண்ணுக்கு அப்படியே 3 தான். இதைப் படித்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரே ஒரு லீப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். பீமில் ஸ்விட்ச் லீப், மதிப்பு சி, அதாவது 0.3. வீசும் கால் லேசாக மடங்கியது: 1. உச்சியில் 165 டிகிரி: 1. பின் பாதம் தளர்ந்தது: 1. இறங்கியதும் இடுப்பு ஒடிந்து இரண்டு கையும் காற்றில் துழாவின: 3. கொத்தில் 1 1 1 3, மொத்தம் 0.6. மூன்று சம்பாதித்து ஆறு செலவு. புதியவர்கள் இங்கே கடைசி 3-ஐ மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். தள்ளாட்டம் கண்ணை அடைத்து, அதற்கு முன் பார்த்த மூன்று ஒன்றுகளையும் அழித்துவிடும். ஆகவே உச்சியில் பார்த்தவுடன் அந்த எண்ணை விரல் எழுதத் தொடங்கிவிட வேண்டும், இறங்கும் வரை காத்திருக்கக் கூடாது. பயிற்சியாளர்களும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கலாம். ஃப்ளோரில் பி மதிப்பு மட்டுமே உள்ள அதே ஸ்விட்ச் லீப்புக்கு வரவு இன்னும் குறைவு. இருந்தும் முழுதாகத் தூக்கிவிட முடியாது. கணக்கில் வரும் எட்டு அசைவுகளில் குறைந்தது மூன்று நடன அசைவாக இருக்க வேண்டும். ஸ்பிளிட் வராத பெண்ணுக்கு மதிப்பு அதிகமான லீப்பைக் கட்டிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். அவள் எம்பியது தனக்காக அல்ல, தாளில் எழுதிய எழுத்துக்காக.

கணினி பார்த்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. உடலின் கோணங்களை அளக்கும் ஃபுஜிட்சு அமைப்பு 2019 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் அறிமுகமாகி, 2023 ஆண்ட்வெர்ப்பில் எல்லாக் கருவிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் மாநில, தேசியப் போட்டிகளின் மேசையில் இருப்பது பென்சிலும் உங்கள் கண்ணும்தான். இன்னொன்று, புத்தகம் ஒலிம்பிக் சுழற்சிக்குச் சுழற்சி மாறும். இப்போது நடப்பது 2025–2028. நண்பர் கொடுத்த பழைய பிரதியில் நான் ஆறு வாரம் படித்துவிட்டேன். எந்தச் சுழற்சி என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள்.

போட்டி நாளில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை. வார்ம்-அப் நேரத்தில் நடுவர்கள் பலர் தேநீருக்குப் போவார்கள். நீங்கள் உங்கள் நாற்காலியிலேயே இருங்கள். பீமுக்கு நேர்ப்பக்கமா, சாய்வா, எவ்வளவு சாய்வு என்று பாருங்கள். யாராவது நிச்சயமாக 180 திறக்கும் பெண் எம்பும்போது அந்தக் கோடு உங்கள் இடத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு சுமாராகத் திறக்கும் ஒருத்தியை. ஐந்தாறு லீப் போதும். முதல் பெண்ணுக்குப் பச்சை விளக்கு எரிவதற்குள் உங்கள் கண்ணுக்கு அந்த நாற்காலி பழகியிருக்கும். அதற்குப் பிறகு தேநீர் குடித்துக்கொள்ளலாம்.